மொட்டைத் தலையும் நகரி மூக்கும்

வடசென்னையில் மலை கிடையாது. உயரமாக எதையாவது பார்த்தே தீர வேண்டும் என்றால் எண்ணூரில் சாம்பல் மேடு, கொடுங்கையூரில் குப்பை மேடு, துறைமுகத்தில் கன்டெய்னர் அடுக்கு, அவ்வளவுதான். ஆனாலும் தமிழ்நாட்டுக்கு வடக்கு எல்லை எது என்று கேட்டால், ராயபுரத்துப் பள்ளிக்கூடப் பையன்கூட ‘வேங்கட மலை’ என்று ஒப்பிப்பான். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனார் அப்படித்தான் கோடு கிழித்துவிட்டுப் போனார். வடக்கே வேங்கடம், தெற்கே குமரி, இடையில் தமிழ் பேசுகிறவர்கள். சர்வே கல் நடவில்லை, சங்கிலி பிடித்து அளக்கவில்லை, பக்கத்து நிலத்துக்காரரிடம் ஆட்சேபணை உண்டா என்று கேட்கவும் இல்லை. அந்தக் காலத்தில் புலவர் சொன்னால் அதுவே கெஜட்.

சரி, அந்த மலைக்கு வேங்கடம் என்று ஏன் பெயர் வந்தது? பதில் ஒன்றென்றால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. கேட்கிற ஆளைப் பொறுத்தும், சொல்கிற ஆளைப் பொறுத்தும், அந்தச் சமயத்தில் மலை யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தும் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில் சங்கப் புலவர்களைக் கேட்போம். அவர்கள் காலத்தில் வேங்கடத்துக்கு முடி காணிக்கை கொடுக்க யாரும் போனதாகத் தெரியவில்லை. காசு தேடிப் போகிறவன்தான் போனான். மலையைத் தாண்டினால் ‘மொழிபெயர் தேயம்’, அதாவது பேச்சே மாறிப்போகும் நாடு. தலைவன் பொருள் ஈட்ட அங்கே போய்விடுவான். தலைவி வளையல் கழன்று விழும் அளவுக்கு இங்கே இளைத்துப்போவாள். தோழி, “வந்துவிடுவார், வந்துவிடுவார்” என்று பாட்டு முழுக்கச் சமாதானம் சொல்வாள். இந்த வழித்தடத்தில் மாமூலனார்தான் அகநானூற்றின் நிரந்தர நிருபர். அவர் தரும் தகவல்படி மலைக்குச் சொந்தக்காரன் புல்லி. அவனுடைய ஆட்கள் யானைத் தந்தத்தையும் கள்ளையும் விற்று நெல் வாங்கிக் கொண்டாடுகிறவர்கள். புல்லியைக் கள்வர்களின் தலைவன் என்கிறார் புலவர், அதே மூச்சில் பெரிய வள்ளல் என்கிறார். ‘கள்வர்’ என்பது தொழிலா, குடிப்பெயரா என்று அறிஞர்கள் கட்டுரை கட்டுரையாக மோதியிருக்கிறார்கள். மாமூலனாருக்கு அந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. பரிசில் வாங்கினவனுக்கு வள்ளல், பறிகொடுத்தவனுக்குக் கள்வன். இரண்டு பேரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.

சங்கப் பாட்டின் கட்சியினர் சொல்லும் பெயர்க்காரணம் எளிமையானது. வெம்மை, கடம். கடம் என்றால் காடு, பாலைவழி. வெக்கை அடிக்கும் காட்டுவழி என்பதால் வேங்கடம். மே மாதத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

பிறகு மலைமேல் பெருமாள் நின்றார். சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் சங்கு சக்கரத்தோடு அவரைக் காட்டிவிட்டார். ஆழ்வார்கள் வந்து பாடிக் குவித்தார்கள். பெருமாள் நிற்கிற இடத்துக்கு ‘வெக்கைக் காடு’ என்று பெயர் இருந்தால் நன்றாகவா இருக்கும்? தல புராணக்காரர்கள் வேலையில் இறங்கினார்கள். வேம் என்றால் பாவமாம், கட என்றால் எரிப்பதாம். பாவத்தை எரிக்கும் மலை. வெப்பம் அப்படியே இருக்கிறது பாருங்கள், எரிகிற பொருள்தான் மாறியிருக்கிறது. முன்பு வழிப்போக்கனின் உள்ளங்கால், இப்போது பாவம்.

ஊர்ச்சனத்துக்கு இதைவிடக் கடன் கதைதான் நெருக்கம். பத்மாவதி கல்யாணச் செலவுக்குப் பெருமாள் குபேரனிடம் கடன் வாங்கினார். கலியுகம் முடிகிறவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். உண்டியலில் நாம் போடுவது அந்தக் கணக்கில்தான் வரவாகிறது. பெண் கல்யாணத்துக்குக் கடன் வாங்கின எந்தத் தகப்பனுக்கும் இந்தச் சாமியைப் புரிந்துகொள்ளத் தத்துவம் தேவைப்படாது.

நின்றவர் பெருமாள்தானா என்பதிலேயே ஒரு காலத்தில் தகராறு வந்ததாக ஒரு கதை உண்டு. சிவன் என்றார்கள் சிலர், முருகன் என்றார்கள் சிலர். ராமானுஜர் ஒரு யோசனை சொன்னாராம். எல்லாத் தெய்வங்களின் ஆயுதங்களையும் சன்னதியில் வைத்துக் கதவைப் பூட்டிவிடுவோம். சாமி எதை எடுத்துக்கொள்கிறாரோ அதுவே தீர்ப்பு. காலையில் திறந்தால் கையில் சங்கும் சக்கரமும். தோற்ற தரப்பு இரவு பூட்டைப் பற்றி என்ன பேசிக்கொண்டது என்பதைக் கதை எழுதியவர் பதிவு செய்யவில்லை. கதையை எழுதுகிற உரிமை ஜெயித்தவருக்கு உண்டு என்பது அன்றைக்கும் விதிதான்.

வேங்கடத்துக்கு நேர்ந்ததுதான் அக்கம்பக்கத்து மலைகளுக்கும். காளத்தியில் ஸ்ரீ என்பது சிலந்தி, காளம் என்பது பாம்பு, ஹஸ்தி என்பது யானை. மூன்றும் லிங்கத்தைப் பூசித்து முக்தி அடைந்ததால் ஸ்ரீகாளஹஸ்தி. மூன்று உயிரினங்களை ஒரே பெயரில் அடைத்த சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு. திருத்தணியில் முருகன் சண்டையெல்லாம் முடித்து வந்து கோபம் தணிந்து உட்கார்ந்தாராம், அதனால் தணிகை. கோபம் தணிந்த அந்த மலையை வைத்துத்தான் பின்னால் ரயில் மறியலும் சிறையும் தடியடியும் நடந்தன. அந்தக் கதைக்கு வருவோம்.

இதற்கிடையே வேங்கடம், மனிதர்களின் பெயருக்குள் புகுந்து சமவெளிக்கு இறங்கிவிட்டது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, கடலோரத்தில் ஒரு மணல் திட்டைக் கேட்டு வந்தார். கொடுத்தவர் பெயர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவருக்கு மேலே இருந்த அரசர் வேங்கடபதி ராயர். ராயருடைய சந்திரகிரிக் கோட்டை இருப்பதோ வேங்கட மலையின் அடிவாரத்தில். ஆக சென்னையின் முதல் பட்டாவில் பார்க்கிற பக்கமெல்லாம் அந்த மலை இருக்கிறது. வேங்கடாத்ரி தன் அப்பா சென்னப்ப நாயக்கர் பெயரை ஊருக்கு வைக்கச் சொன்னார், அது சென்னப்பட்டணம் ஆயிற்று. கையிலிருந்த மணலைக் கொடுத்தவர் அப்பாவுக்கு ஒரு நகரத்தையே நினைவுச் சின்னமாக எழுப்பிக்கொண்டார். இதைவிட லாபமான ரியல் எஸ்டேட் வியாபாரம் இந்த ஊரில் இன்றுவரை நடக்கவில்லை.

கம்பெனிக் கப்பல்காரனுக்கு வேங்கடமும் தெரியாது, பாவமும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பயம். சோழமண்டலக் கரை தட்டை. கிட்டே வருகிறவரை மண்ணா தண்ணியா என்று புலப்படாது. ஆனால் கரை தெரிவதற்கு முன்பே மேற்கே ஒரு மலைத்தொடர் தெரியும். வேங்கடத்தின் தெற்குச் சொந்தக்காரர்களான நகரி மலைகள். அதன் முனையில் 2,800 அடிக்கு மேல் உயர்ந்து, செங்குத்தாக அறுந்து நிற்கிறது ஒரு பாறை. புலவனுக்கு எல்லையாகவும் பக்தனுக்கு வைகுண்டமாகவும் தெரிந்த மலைவரிசையைக் கப்பல்காரன் தொலைநோக்கியில் பார்த்தான். ‘மூக்கு’ என்றான். ‘நகரி நோஸ்’ என்று கடல் வழிகாட்டி நூல்களில் ஏறிவிட்டது. இத்தனை பெயர்க்காரணங்களிலும் உரைகாரர் தேவைப்படாத பெயர் இது ஒன்றுதான். பார்த்தால் மூக்கு, பெயரும் மூக்கு.

மூக்கைப் பார்த்து வந்த கப்பல் நேராகக் கரைக்கு வர முடியாது. அப்போது துறைமுகம் இல்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். கயிற்றால் தைத்த மசூலா படகில் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் இறக்க வேண்டும். துரைமார் நனைந்து, வாந்தி எடுத்து, சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டபடி சென்னைக்குள் நுழைந்தது அந்தப் படகுக்காரர்களின் தயவில். அவர்களில் கத்தோலிக்கரான படகுக்காரர்கள் பேதுருவுக்கு ஒரு கோயில் கட்டினார்கள். பேதுரு தமிழ்க் கத்தோலிக்கருக்கு ராயப்பர். ராயப்பர் கோயில் இருக்கிற புரம் ராயபுரம். பேதுரு என்றால் கிரேக்கத்தில் பாறை. தெலுங்கில் ‘ராயி’ என்றாலும் கல். ஆக ராயபுரத்திலும் ஒரு மலை இருக்கிறது என்று வாதாடலாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது திருப்பதிக்காரர்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த உரிமையா என்ன?

ராயபுரத்தை விட்டு வடக்கே நடந்தால் இந்த முடிச்சு வேலை தெருவுக்குத் தெரு நடந்திருக்கிறது. ராமநாதபுரத்துத் தொண்டிப் பக்கமிருந்து வந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு இங்கே தங்கி, 1838-இல் இங்கேயே அடங்கினார். தொண்டியார் இருந்த பேட்டை தண்டையார்பேட்டை. இன்னும் மேலே போனால் காலடிப்பேட்டை. எந்த அவதாரத்தின் காலடி என்று கும்பிடத் தோன்றும். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் துரையின் பெயர் அது. காலெட்பேட்டை, வாயில் உருண்டு உருண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. துரையிடம் வேலை பார்த்தவர் காஞ்சிபுரத்து வரதராஜரைக் கும்பிடாமல் வேலைக்கு வர மாட்டாராம். தினமும் அவர் தாமதமாக வருவதைத் தாங்காமல் துரை இங்கேயே ஒரு வரதராஜரை எழுந்தருளச் செய்தார் என்பது ஊர்க் கதை. லேட் அட்டெண்டன்ஸுக்குக் கோயில் கட்டித் தீர்வு கண்ட நிர்வாகி உலக வரலாற்றில் வேறு யாரும் இல்லை.

அடுத்தது திருவொற்றியூர். ஊழிக்காலத்து வெள்ளம் ஒற்றிப் போன ஊர் என்று புராணம் சொல்லும். ஒத்திக்கு வீடு பிடித்துக் காலம் தள்ளுகிற நமக்கு வேறு அர்த்தம்தான் முதலில் ஓடும், சாமியே அடமானத்தில் இருக்கிற ஊர். எல்லை விஷயத்தில் இந்தச் சாமி பலே ஆள். அரசன் ஒருவன் கோயில்களுக்கு விதித்த வரியை ஓலையில் எழுத வைத்து அனுப்பினானாம். வரிக்கும் வரிக்கும் நடுவே ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்று ஒரு வரி தானாக வந்து உட்கார்ந்ததாம். அதனால் இவருக்கு எழுத்தறியும் பெருமான் என்று பெயர். அரசாங்க ஆணைக்குள் ‘நீங்கலாக’ என்ற ஒரு சொல்லைச் செருகிவிட்டால் போதும், மீதியைக் கிளார்க்குகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது இவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

சுந்தரரும் இங்கேதான் மாட்டினார். சங்கிலி நாச்சியாரைக் கல்யாணம் பண்ண, ‘உன்னைப் பிரியேன்’ என்று சத்தியம் செய்ய வேண்டும். சன்னதியில் செய்தால் பொய்க்க முடியாதே என்று, “அந்த நேரம் மட்டும் நீர் மகிழ மரத்துக்குப் போய்விடும்” என்று சிவனிடம் ஏற்பாடு செய்துகொண்டார். சிவன் சரி என்றார். சரி என்றவர் சங்கிலியின் பக்கமும் விஷயத்தைக் கசியவிட்டார். “சன்னதி வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் செய்யுங்கள்” என்று அவர்கள் சொன்னபோது சுந்தரரின் முகம் எப்படி இருந்திருக்கும்! பிறகு வசந்தம் வந்தது, திருவாரூர் ஞாபகம் வந்தது. கிளம்பி ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய அடியில் இரண்டு கண்ணும் போயிற்று. எல்லை தாண்டுவதற்கு இந்த ஊரில் அபராதம் எவ்வளவு என்பது பெரியபுராணத்திலேயே இருக்கிறது.

வேங்கடத்துப் பக்கத்து மலை ஒன்று வடசென்னைக்கு நேரிலேயே வந்த கதையும் உண்டு. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் பிள்ளைப் பருவத்து வள்ளலார் மாடி அறையில் கண்ணாடியை மாட்டி அதன் முன் உட்கார, திருத்தணி முருகன் கண்ணாடிக்குள் காட்சி தந்தார் என்பார்கள். சுமார் ஐம்பது மைல் தள்ளியிருக்கிற மலையை ஒரு கண்ணாடியில் வரவழைத்த ஊர், அதை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்குமா?

விட்டுக்கொடுக்கச் சொல்லி நேரம் வந்தது. சுதந்திரம் வந்த மறுநாள், 1947 ஆகஸ்ட் 16, ஊரெல்லாம் மிட்டாய் தின்றுகொண்டிருந்தபோது எல்லைப் போராட்டத் தலைவர் ம.பொ.சி. திருப்பதிக்குப் புறப்பட்டார். ‘வேங்கடத்தை விடமாட்டோம்’ என்பது கோஷம். மங்கலங்கிழார் அதற்கு முன்பிருந்தே எல்லைக் கிராமங்களில் நடந்து நடந்து தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்தில் ஆந்திர மாநிலம் கேட்டவர்கள் ‘மதராஸ் மனதே’, மதராஸ் நமதே என்றார்கள். இப்போதுதான் பெயர்க்காரணங்கள் காக்கி உடை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கின. சங்கப் பாட்டில் வேங்கடம் இருக்கிறது, ஆகவே திருப்பதி தமிழருடையது என்றது இந்தப் பக்கம். சென்னப்ப நாயக்கர் தெலுங்கர், ஆகவே சென்னப்பட்டணம் தெலுங்கருடையது என்றது அந்தப் பக்கம். இரண்டு பேரும் செத்துப்போன ஆட்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். செத்தவர்கள் யாரும் குறுக்கு விசாரணைக்கு வரவில்லை.

நடுவில் ஒரு மத்தியஸ்த யோசனை கிளம்பியது. கூவத்துக்கு வடக்கே ஆந்திரம், தெற்கே தமிழ்நாடு என்று நகரத்தையே வகிர்ந்துவிடலாம் என்று. யோசித்துப் பாருங்கள். கோட்டை அந்தப் பக்கம், ஹைகோர்ட் அந்தப் பக்கம், துறைமுகம், சென்ட்ரல் எல்லாம் அந்தப் பக்கம். நமக்கு மெரினாவில் சுண்டல். காசிமேட்டு வஞ்சிரம் ஜாம்பஜாருக்குப் போக செக்போஸ்ட்டில் பர்மிட் எழுத வேண்டும். சென்னை தமிழகத்துக்கே என்று மாநகராட்சியில் தீர்மானம் போட்டார்களே, அந்த ரிப்பன் கட்டடமே கூவத்துக்கு வடக்கேதான் இருக்கிறது. அப்போது மேயர் செங்கல்வராயன். திருத்தணி முருகனுக்கும் அதே பெயர். முருகன் எந்தக் கட்சி என்பதில் இதற்கு மேல் சந்தேகம் வேண்டாம்.

சிரிப்பை ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்ள வேண்டிய இடமும் இதில் உண்டு. ஆந்திர மாநிலம் கேட்டு 1952 அக்டோபர் 19-இல் உண்ணாவிரதம் தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு, டிசம்பர் 15 அன்று மயிலாப்பூர் வீட்டில் உயிர்விட்டார். அவர் பிறந்தது ஜார்ஜ் டவுன் அண்ணாப்பிள்ளை தெருவில். எங்கள் வடசென்னைப் பிள்ளை. சென்னையைத் தமிழகத்துக்குக் காத்த ம.பொ.சி. பிறந்தது ஆயிரம் விளக்கில். ஒரே நகரத்தின் இரண்டு பிள்ளைகள், நடுவே ஒரு கூவம். வடக்கெல்லைக்காகச் சிறை போனவர்களிலும் திரும்பி வராதவர்கள் உண்டு. பெயருக்குப் பொருள் சொன்னவர்கள் பலர், அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு பிறந்தது. சென்னை இங்கேயே நின்றது. திருப்பதி அங்கே போயிற்று. திருத்தணியும் அதோடு போயிருந்தது. அப்புறம் படாஸ்கர் என்ற மத்தியஸ்தர் வந்தார். அவர் வேம், கடம் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. கிராமம் கிராமமாக எத்தனை பேர் எந்த மொழி பேசுகிறார்கள் என்று எண்ணினார். புலவர்களும் புராணிகர்களும் இத்தனை நூற்றாண்டாகச் செய்யாத காரியம். அதன்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நமக்கு வந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்திலிருந்து சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்குப் போயிற்று. நகரி அங்கேயே தங்கிவிட்டது. கோபம் தணிந்த முருகன் நமக்கு, மூக்கு அவர்களுக்கு.

எல்லை இப்படி முடிந்தாலும் தண்ணீருக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. நகரி மலையில் பெய்கிற மழை நகரியாறாகி, கொசஸ்தலையில் சேர்ந்து, பூண்டி ஏரியில் தங்கி, மிச்சம் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் வழியில் சேர்த்துக்கொண்டுதான்.

அந்த முகத்துவாரத்தைத் தாண்டித்தான் காசிமேட்டுப் படகுகளில் பல வடக்கே போகின்றன. வலை பிரித்துக்கொண்டிருந்த விசைப்படகு டிரைவர் ஒருவரிடம், “அண்ணே, கடல்ல இருந்து பார்த்தா மேற்கால மலை தெரியுமா?” என்று கேட்டேன்.

“மலையா? அதெல்லாம் எங்க தாத்தா பாத்துக்கினு வந்தாரு நைனா. இப்போ பவர் அவுஸ் புகக்கூண்டுதான். அது கண்டுக்கினா கரை வந்துடிச்சினு அர்த்தம்.”

“அதுக்கு ஏதாவது பேர் வெச்சிருக்கீங்களா?”

“பேரு இன்னா பேரு? பெரிய குழா, சின்ன குழா.”

நகரி மூக்கு என்று எழுதிவைத்த கப்பல்காரனும் இவரும் ஒரே கட்சி. இன்னும் நூறு வருடம் போனால் பெரிய குழாய்க்கும் ஒரு தல புராணம் வரும். குழல் ஊதிய கண்ணன் இங்கே நின்றதால் குழாயூர் என்று யாராவது மேடையில் பேசுவார், கைதட்டலும் கிடைக்கும்.

வேங்கடத்துக்கு எது சரியான பெயர்க்காரணம் என்றால், என் தீர்ப்பு வெக்கைக் காட்டுக்கே. அந்தப் பெயர் வந்த காலத்தில் மலையில் உண்டியல் இல்லை, செக்போஸ்ட் இல்லை, பட்டா கேட்டு யாரும் வரிசையில் நிற்கவில்லை. பிறகு வந்த விளக்கம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் நிலத்தை அளந்துகொண்டு நிற்கிறார். ஆகவே நண்பர்களே, யாராவது உங்கள் ஊர்ப்பெயருக்கு உருக்கமாகப் பொருள் சொல்ல வந்தால், காபி கொடுத்து முழுசாகக் கேளுங்கள். கேட்டு முடித்ததும், அந்த ஊரில் அவருக்கு எத்தனை கிரவுண்டு இருக்கிறது என்பதை மட்டும் மறக்காமல் விசாரித்துவிடுங்கள்.